வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து

நகராட்சியின் ஆவணப் பிரிவில் அவரை எல்லோரும் அச்சக்கா என்றே கூப்பிட்டார்கள். நான்கு வயது மூத்தவரான கண்காணிப்பாளரும், எரிச்சல் இல்லாத நாட்களில், அப்படித்தான் கூப்பிடுவார். அச்சக்காவை இனிமையானவர் என்று சொல்ல முடியாது. நகல் கேட்டு ஜன்னலுக்கு வருகிறவரை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே "தேதி சொல்லுங்க" என்பார். தேதி தெரியாதென்றால், "அப்ப தெரிஞ்சப்புறம் வாங்க" என்பார். ஆனால் அவர் கொடுத்த நகலில் ஒரு வரி குறைந்தது என்று இருபத்திரண்டு வருடங்களில் ஒருவரும் திரும்பி வந்ததில்லை. ஒருவரைப் பற்றி இப்படிச் சொல்ல முடிவது சிறிய விஷயம் இல்லை. பெரிய விஷயமும் இல்லை, வேலை அதுதானே.

வேலை இதுதான். நகராட்சியின் அறிவிப்புகள், உத்தரவுகள், விசாரணை முடிவுகள் எல்லாம் இணையதளத்தில் பக்கங்களாக வெளியாகும். முப்பது நாட்கள் இருக்கும். பிறகு இடம் வேண்டுமென்று அழித்துவிடுவார்கள். அழிவதற்கு முன் ஒவ்வொன்றையும் பிடிஎஃப் ஆக்கி, மின்முத்திரை வைத்து, காப்பகத்தில் சேர்க்க வேண்டும். அதன்பின் அந்த பிடிஎஃப்தான் ஆவணம். முத்திரை வைத்ததை யாரும் திருத்தக்கூடாது, அச்சக்காவும் கூடாது.

வலைப்பக்கத்தைத் தாளாக்குவது பொத்தானை அமுக்கும் வேலை என்று நினைப்பவர்கள் அதைச் செய்து பார்த்ததில்லை. திரையில் ஓடும் பக்கத்துக்கு நீளம் கிடையாது, தாளுக்கு உண்டு. மேலே ஒட்டிக்கொண்டு வரும் பட்டை ஒவ்வொரு தாளிலும் இரண்டு வரியை மறைக்கும். அட்டவணை நடுவில் அறுந்து, அடுத்த தாளில் தலைப்பில்லாமல் தொங்கும். கீழே வரை நகர்த்திப் பார்க்காவிட்டால் படங்கள் வந்து சேரா. 'மேலும் படிக்க' என்று மடித்து வைத்த பகுதியைத் திறக்காவிட்டால் அது மடித்தபடியே காப்பகத்துக்குப் போய்விடும். அச்சக்கா ஒரு நாளைக்கு நாற்பது பக்கங்களை இப்படித் திறந்து, நகர்த்தி, ஓரம் சரிபார்த்து எடுப்பார். அட்டவணையில் பத்திகள் ஆறுக்கு மேல் போனால் தாளைக் குறுக்காகத் திருப்பிவிடுவார். எடுத்து முடித்ததும் திரையின் ஒரு பாதியில் பக்கத்தையும் மறுபாதியில் பிடிஎஃபையும் வைத்துக்கொண்டு, கை இரண்டையும் மடியில் போட்டு, சும்மா பார்ப்பார். பிறகு அடுத்தது.

போன வருடம் இதைத் தானியங்கி ஆக்க முடிவு செய்தார்கள். ஒப்பந்த நிறுவனத்திலிருந்து ஒருவர் குறிப்பேட்டோடு வந்து மூன்று நாள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கெட்டிக்காரர். அவருக்கும் அலுவலகத்தில் பெயர் வைத்துவிட்டார்கள்: குறிப்புக்காரர்.

"மேடம், ஒவ்வொரு கிளிக்கும் எனக்கு வேணும். நீங்க மூக்கைச் சொறிஞ்சாக்கூட எழுதிக்குவேன்."

"வேலை நேரத்துல மூக்கெல்லாம் சொறியறதில்ல."

"சும்மா சொன்னேன் மேடம்."

"நான் சும்மா சொல்லல."

மூன்றாம் நாள் மாலை நாற்பத்தேழு படிகள் கொண்ட பட்டியலை அவர் வாசித்துக் காட்டினார். பட்டையை மறைப்பது, மடிப்புகளைத் திறப்பது, தாளைத் திருப்புவது, எல்லாம் இருந்தன. "இவ்வளவுதானா மேடம்? வேற ஏதாச்சும் செய்வீங்களா?" என்று கேட்டார். அச்சக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவ்வளவுதான்" என்றார்.

கணினி நிரல் வந்தது. தினமும் மாலை ஆறு மணிக்குத் தானாக எழுந்து, நாற்பது பக்கங்களை நான்கு நிமிடத்தில் பிடிஎஃப் ஆக்கி, முத்திரை வைத்துக் காப்பகத்தில் போட்டது. ஓரங்கள் நேராக இருந்தன. எழுத்து கூர்மையாக இருந்தது. பக்க எண், பொருளடக்கம் எல்லாம் தானாக விழுந்தன. "என்னைவிட நேரா வெட்டுது" என்று அச்சக்கா வீட்டில் சொன்னார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு. அவருக்கு நகல் கொடுக்கிற வேலை மட்டும் மிஞ்சியது. முத்திரை வைத்ததை மறுபடி எதற்குப் பார்ப்பது என்று யாரும் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, கடிகாரக்காரர் வந்தார்.

"தேதி சொல்லுங்க."

"தேதி என் கைல பத்திரமா இருக்கு. மத்ததைத்தான் உங்க ஆபீஸ் தொலைச்சிருச்சு."

அச்சக்கா நிமிர்ந்தார். அறுபதைத் தொட்ட, ஒல்லியான மனிதர். நெற்றியில் தூக்கிவிட்ட லென்ஸை எடுக்க மறந்து அப்படியே வந்திருந்தார். மார்க்கெட்டில் இருபத்திரண்டாம் எண் கடையில் முப்பது வருடமாகக் கடிகாரம் பழுதுபார்க்கிறார். மார்க்கெட்டின் அடியில் மழைநீர்க் கால்வாய் தோண்டப் போகிறார்கள். கால்வாய்க் கோட்டின் மேல் இருப்பதாக முப்பத்தொரு கடைகளுக்கு அகற்றும் உத்தரவு போயிருந்தது. கடைக்காரர்கள் ஆட்சேபம் சொன்னார்கள். ஒரு அதிகாரி விசாரித்து, மறுபடி அளக்கச் சொன்னார். நான்கு கடைகள் கோட்டிலேயே இல்லை என்று தெரிந்தது. முடிவு இணையதளத்தில் வந்தது.

கடிகாரக்காரர் தன் போனை ஜன்னல் வழியாக நீட்டினார். அந்தப் பக்கத்தை அவர் அன்றைக்கே படம் பிடித்து வைத்திருந்தார். அட்டவணையின் கடைசிப் பத்தியில் பெரும்பாலான கடைகளுக்குக் கறுப்பு எழுத்தில் 'அகற்றவும்' என்று இருந்தது. இருபத்திரண்டுக்கு எதிரே பச்சைக் கட்டம். அதற்குள் வெள்ளை எழுத்தில் 'நீடிக்கலாம்'.

பிறகு சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். வெள்ளிக்கிழமை கடைகளைப் பூட்டும் பிரிவினர் கொடுத்துவிட்டுப் போனது. காப்பகத்து பிடிஎஃபிலிருந்து எடுத்த நகல். இருபத்திரண்டுக்கு எதிரே ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை. வியாழக்கிழமை காலைக்குள் கடையை ஒழித்துத் தர வேண்டும் என்று கீழே முத்திரை.

"இது உங்க வெப்சைட்டு. இது உங்க பேப்பரு. ரெண்டுல எதும்மா நீங்க?"

அச்சக்கா கணினி பக்கம் திரும்பினார். இணையதளத்தில் தேடினார். பக்கம் இல்லை, முப்பது நாள் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. காப்பகத்தில் பிடிஎஃபைத் திறந்தார். அதிலும் அந்தக் கட்டம் வெள்ளைதான். அந்த வெள்ளையின் மேல் மவுஸை அழுத்தி இழுத்தார். நீலமாக ஒரு துண்டு தேர்வாயிற்று. ஒன்றுமில்லாத இடம் அப்படி நீலமாகாது. அதைப் பிரதி எடுத்து வேறொரு வெற்றுப் பக்கத்தில் ஒட்டினார்.

நீடிக்கலாம்.

"இருக்கே!" என்றார் கடிகாரக்காரர், கம்பிக்குள் பாதித் தலையை நுழைத்து. "உள்ளயேதானே இருக்கு! அப்புறம் எதுக்கு என்னைப் பூட்ட வர்றாங்க?"

முப்பத்தாறு, முப்பத்தேழு, ஐம்பத்தெட்டாம் எண் கடைகளுக்கு எதிரேயும் அதே போல இருந்தது. நிரல் பச்சையை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் எடுத்திருந்தது. வெள்ளை எழுத்து வெள்ளைத் தாளில் முழுசாக, ஒரு புள்ளி குறையாமல், யார் கண்ணுக்கும் படாமல் கிடந்தது. ஒன்று இருப்பதற்கும் அது தெரிவதற்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றித் தடித்த நூல்கள் இருக்கின்றன. அச்சக்கா அவற்றில் எதையும் படித்ததில்லை. அந்தத் தூரத்தில் ஒருவருடைய கடை விழுந்து கிடப்பதை மட்டும் பார்த்தார்.

கண்காணிப்பாளர் கெட்டவர் இல்லை. அது அவருக்குச் சாதகமான விஷயமும் இல்லை. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போடலாம். அவர் திரையைப் பொறுமையாகப் பார்த்தார். நீலம் வருவதையும் பார்த்தார்.

"சார், எழுத்து உள்ள இருக்கு. வெள்ளையா இருக்கு, அவ்வளவுதான்."

"வெள்ளைத் தாள்ல வெள்ளையா இருந்தா அதுக்குப் பேரு என்ன அச்சக்கா?"

"எழுத்து."

"வெற்றிடம். முடிவுப் பத்தி வெறுமையா இருந்தா முந்தின உத்தரவே செல்லும். விதியில இருக்கு."

"அவர் போன்ல பச்சையா இருக்கே சார்."

"போட்டோ ஆவணம் ஆகாது. போன்ல யார் வேணா யாருக்கு வேணா பச்சை அடிக்கலாம்."

விசாரித்த அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். அச்சக்கா அவரைப் போனில் பிடித்தார். "ஆவணத்துல என்ன இருக்கோ அதுதாம்மா. முப்பத்தொரு கடையை நான் ஞாபகம் வச்சுக்கிட்டா இருப்பேன்?" என்று வைத்துவிட்டார். தனிக் கோப்பு கிடையாது. முடிவுகளை நேரே இணையதளத்தில் உள்ளிடுவதுதான் இரண்டு வருடமாக வழக்கம். காகிதம் மிச்சமாம்.

அடுத்து குறிப்புக்காரர்.

"எங்க பக்கம் பிழை இல்ல மேடம். பின்னணி நிறத்தை விட்டுட்டு எடுக்கறதுதான் வழக்கமான அமைப்பு. மை மிச்சம் ஆகும்."

"கம்ப்யூட்டர்ல கிடக்கற ஃபைலுக்கு எதுக்குங்க மை?"

"பொதுவா அப்படித்தான் மேடம். நிறம் வேணும்னா நீங்க சொல்லியிருக்கணும். நாப்பத்தேழு படில அது இல்லையே. பட்டியலை எடுத்துப் பாருங்க."

பட்டியலை எடுத்துப் பார்த்தார். இல்லைதான். ஆனால் அவர் எடுத்த காலத்தில் பச்சை பச்சையாகத்தானே வந்தது? அன்றைய பக்கம் ஒன்றைத் தன் கணினியிலேயே பழைய முறையில் பிடிஎஃப் ஆக்கினார். நிறம் வந்தது. அச்சு அமைப்பைத் திறந்து, அதன் அடியில் 'மேலும்' என்பதையும் திறந்தார். 'பின்னணி நிறங்கள்' என்ற சிறு கட்டத்தில் டிக் இருந்தது. அதைப் போட்டது அவரே. அந்தக் கணினி வந்த முதல் நாள், ஒன்பது வருடத்துக்கு முன்னால். அதன்பின் கணினி அதை நினைவில் வைத்துக்கொண்டது, அவர் மறந்துவிட்டார். குறிப்புக்காரர் பக்கத்தில் உட்கார்ந்த மூன்று நாளும் அவர் கை அந்தக் கட்டத்துக்குப் போகவே இல்லை. போகாத கிளிக்கை யாரும் எழுத முடியாது.

பட்டியலின் கடைசித் தாளில் நேரக் கணக்கு ஒன்று இருந்தது. அதை அவர் அதுவரை படித்ததில்லை. 'ஒவ்வொரு பக்கத்துக்குப் பிறகும் பணியாளர் ஓய்வு: சராசரி நாற்பது நொடி. தானியங்கியில் தவிர்க்கலாம்.'

அன்று மாலை வீட்டில் அவர் பாத்திரங்களை வைத்த சத்தத்தில், லிப்ட் மெக்கானிக்கான அவர் கணவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"யாரு மேல கோபம்? பாத்திரம் மேலயா?"

அச்சக்கா நடந்ததை முழுக்கச் சொன்னார். அந்த டிக்கையும் மறைக்காமல் சொன்னார்.

"அட, லிப்ட்ல நாலாவது மாடி பட்டன் எரியலன்னா, நாலாவது மாடியே இல்லன்னு சொல்லுவாங்களா? அங்க குடியிருக்கறவன் என்ன, ஜன்னல் வழியா குதிக்கணுமா?"

"உங்களுக்கு எல்லாமே லிப்ட்தான்."

"எனக்கு அதுதானே தெரியும். சரி, டிக்கை நீ சொல்லல. தப்புதான். ஆனா எடுத்ததை யாராச்சும் ஒரு தடவை கண்ணால பாத்திருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்குமே."

"நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்! ஒவ்வொண்ணுக்கும் நாப்பது நொடி. அதை ஓய்வுன்னு எழுதிட்டுப் போயிருக்கான். கையை மடியில வச்சிருந்தா ஓய்வா? நான் தூங்கினேனா? என் கண்ணு என்ன பண்ணுச்சுன்னு நினைச்சான்?"

கணவர் எழுந்தார். மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு வந்து, பாத்திரங்களை அவரே துடைத்து வைத்தார்.

வேலை என்றால் கை அசைவது என்று எண்ணுகிறவர்கள் எழுதும் பட்டியலில் கவனத்துக்கு வரிசை எண் இருப்பதில்லை. இது குறிப்புக்காரர் ஒருவரின் குற்றம் இல்லை. தான் செய்கிற வேலைக்குள் எது வேலை என்று அச்சக்காவும் யாருக்கும் சொன்னதில்லை. கேட்டபோது "அவ்வளவுதான்" என்றார். அந்தச் சொல்லைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மறுபடி கண்காணிப்பாளரிடம் போனார். இந்த முறை அவர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"இது ஒண்ணுல தப்புன்னு நான் எழுதினா, எட்டு மாசமும் சந்தேகத்துக்கு வந்துரும். ஏழாயிரம் ஆவணம் அச்சக்கா. ஏழாயிரம். நாலு கடைக்காக ஏழாயிரத்தையும் தூக்கித் தெருவுல போடச் சொல்றீங்களா?"

"நாலு கடையைத் தூக்கித் தெருவுல போடறது பரவால்லையா சார்?"

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லல சார், எழுதித்தான் குடுக்கறீங்க."

அவர் முகம் சிவந்தது. பக்கத்திலிருந்த கோப்பை இழுத்துத் திறந்துகொண்டார். அது அச்சக்கா வெளியே போகலாம் என்பதற்கான அடையாளம்.

ஆவணக் காப்பு விதிகளில் ஒரு பழைய பிரிவு உண்டு. ஈரத்தில் ஊறிய, மை மங்கிய பதிவேடுகளுக்காக யாரோ எப்போதோ எழுதியது. எழுத்து கண்ணுக்கு எட்டாத நிலையில் இருந்தால், எந்தக் கருவியின் துணையோடும் ஆவணக் காப்பாளர் அதைப் படித்து, தன் கையால் எழுதி, கையொப்பமிட்டுத் தரலாம். அந்த வாசிப்பு நகல் மூல ஆவணத்துக்குச் சமம். அச்சக்காவின் பதவி அதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பூதக்கண்ணாடி வைத்து அப்படிப் பத்துப் பன்னிரண்டு எழுதியிருக்கிறார். பிறகு பதிவேடுகள் போய்க் கணினி வந்தது. பிரிவை யாரும் நீக்கவில்லை. நீக்கும் அளவுக்கு அதை யாரும் நினைத்துக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் அவர் நகல் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். முப்பத்தொரு வரியையும், தெரிந்ததைத் தெரிந்தபடியும் தெரியாததை மவுஸால் இழுத்துப் பிரதியெடுத்தும், நீளத் தாளில் எழுதினார். அடியில் இப்படி முடித்தார்: 'மேற்கண்டவை அனைத்தும் மூல ஆவணத்தில் உள்ளபடியே படித்து எழுதப்பட்டன. நான்கு இடங்களில் எழுத்தின் நிறமும் தாளின் நிறமும் ஒன்றாக இருந்தன. எழுத்தில் குறை எதுவும் இல்லை.' கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, வெளியீட்டுப் பதிவேட்டில் எண் போட்டார். புதன்கிழமை காலை கடிகாரக்காரர் வந்து வாங்கிக்கொண்டார்.

"இது போதுமாம்மா?"

"தெரியாது. இதுக்கு மேல என்கிட்ட இல்ல."

புதன்கிழமை மதியத்துக்குள் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்துவிட்டது. அதைக் கண்காணிப்பாளரே கையில் கொண்டுவந்தார்.

"யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

"விதியைக் கேட்டு."

"அந்த விதி கரையான் அரிச்ச ரிஜிஸ்டருக்கு!"

"இதை அரிச்சது யாருன்னு இன்னும் தெரியல சார். தெரிஞ்சதும் எழுதறேன்."

சுற்றியிருந்த மேசைகளில் யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் ரொம்ப நேரம் தும்முவதுபோல் நடித்தார்.

வியாழக்கிழமை அச்சக்கா அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார். பூட்டு, சங்கிலி, ஒட்டும் பட்டை சகிதம் ஆறு பேர் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். கடிகாரக்காரர் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, திறந்து போட்ட ஒரு கைக்கடிகாரத்தின் மேல் குனிந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"பெரியவரே, சாமானை எடுங்க. நேரமாச்சு" என்றார் பிரிவின் தலைவர்.

"கை வேலையா இருக்கேன் தம்பி. ஸ்பிரிங்கை விட்டா பறந்துரும். அந்தத் தாளைப் படிங்க."

தலைவர் வாசிப்பு நகலை எடுத்துப் படித்தார். இரண்டு முறை படித்தார். தன் கையிலிருந்த நகலோடு ஒப்பிட்டார். பிறகு கண்காணிப்பாளருக்குப் போன் போட்டார்.

"சார், இங்க ஒரு வாசிப்பு நகல் காட்டறாங்க... ஆமா, உங்க ஆபீஸ் முத்திரைதான்... செல்லாதுங்களா? சரி சார். அப்ப செல்லாதுன்னு ஒரு வரி மெசேஜ் போட்டுருங்க, பூட்டிடறேன்... இல்ல சார், வாயால சொன்னா நாளைக்கு என் தலையில விடியும். ஒரு வரி. நான் நிக்கறேன்."

நின்றார்கள். கடிகாரக்காரர் ஸ்பிரிங்கை உட்கார வைத்து, மூடியை மாட்டி, காதில் வைத்துக் கேட்டார். அடுத்ததைத் திறந்தார். திருகாணியில் திருப்புளி இரண்டு முறை வழுக்கியது. இருபது நிமிடம் ஆயிற்று. செய்தி வரவில்லை. மறுபடி கூப்பிட்டால் போன் எடுபடவில்லை.

செல்லாது என்று எழுதினால், அந்த எழுத்து அங்கே இல்லை என்று எழுத வேண்டும். நீலமாக அதைப் பார்த்துவிட்ட பிறகு கண்காணிப்பாளரால் அதை எழுத முடியவில்லை. நேர்மையால் என்று நம்ப ஆசையாக இருக்கிறது. பயத்தால் என்பதுதான் சரியாக இருக்கும்.

"இருபத்திமூணு" என்றார் தலைவர், தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு. ஆறு பேரும் நகர்ந்தார்கள்.

கடிகாரக்காரர் லென்ஸைக் கழற்றிவிட்டு முகத்தை அழுந்தத் துடைத்தார். "உக்காருங்கம்மா, டீ சொல்றேன்" என்றார். அச்சக்கா உட்காரவில்லை. அதே தாளைக் காட்டி முப்பத்தாறும் முப்பத்தேழும் தப்பும்வரை கூடவே நடந்தார். அந்த இரண்டு கடையும் கண்ணாடி வெட்டுகிறவர் ஒருவருடையது. பிறகு ஐம்பத்தெட்டுக்குப் போனார்.

கடை காலியாக இருந்தது. தரை சுத்தமாகப் பெருக்கிவிடப்பட்டிருந்தது. கால்வாய் வேலைக்கான சிமென்ட் குழாய்களை உள்ளே அடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"ஜிப் தைக்கிற அக்கா கடைங்க" என்றார் பின்னாலேயே வந்த கண்ணாடிக்காரர். "உங்க தாளோட நகலை மார்க்கெட் கேட்ல ஒட்டினாங்கல்ல, அதைப் பாத்துட்டு ஆபீஸ்லயே போயிக் கேட்டிருக்காங்க. முடிவு எழுதலன்னா பழைய உத்தரவுதான்னு முன் மேசைல சொல்லிட்டாங்களாம். வந்து பூட்டறவரைக்கும் உக்காந்திருந்தா மரியாதையா இருக்காதுன்னு, ரெண்டு வாரம் முன்னாடியே மெஷினைத் தூக்கிட்டு மக வீட்டுக்குப் போயிட்டாங்க."

"போன்ல பச்சையா வந்திருக்குமே?"

"நானும் காட்டினேன். போன்ல என்னென்னமோ வருது, ஆபீஸ்காரங்க ஒட்டினது பொய்யாவா இருக்கும்னாங்க."

தாளை நம்பியவர் கடையை இழந்தார். நம்பாமல் சண்டைக்கு வந்தவர் காப்பாற்றிக்கொண்டார். இருபத்திரண்டு வருடமாக மக்கள் தாளை நம்ப வேண்டும் என்பதற்காகவே அச்சக்கா வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்காரரிடம் எண்ணை வாங்கி அங்கேயே நின்று பேசினார். தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது, நின்றது.

"அம்மா, ஆவணப் பிரிவிலேர்ந்து பேசறேன். உங்க கடை நீடிக்கலாம்னுதான் முடிவு. எங்க தாள்ல அது தெரியாம போச்சு."

"இப்ப சொல்றீங்களா?"

"இந்த வாரம்தான் தெரிஞ்சதும்மா."

"மருமகன் நைட் டியூட்டி. பகல்ல தூங்கணும், சத்தம் ஆகாது. மெஷினை மாடிப்படிக்கு அடியில போட்டு ஒரு மணிநேரம், ரெண்டு மணிநேரம் ஓட்டறேன்." பிறகு, "நான் திரும்பி வரலாமா?" என்றார்.

"மனு குடுப்போம். நான் எழுதறேன்."

"சாவியைக் குடுத்து கையெழுத்துப் போட்டுட்டேனே. விருப்பப்பட்டு ஒப்படைக்கிறேன்னு எழுதியிருந்தாங்க. என் கையெழுத்து மட்டும் உங்க தாள்ல நல்லாத் தெரியுதா?"

வெள்ளிக்கிழமை கண்காணிப்பாளர் அவரை அழைத்து ஒரு குறிப்பை நீட்டினார். நிரலில் அந்த டிக் போடப்பட்டுவிட்டது. குறிப்பாணையையும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். காப்பாளர் இந்தக் குறிப்பில் கையெழுத்துப் போட்டால் போதும். 'தானியங்கியில் காணப்பட்ட சிறு பிழை சரிசெய்யப்பட்டது. இதனால் எவருக்கும் பாதிப்பு ஏற்படவில்லை.'

"முதல் வரியில என்னையும் சேருங்க. அந்த அமைப்பைச் சொல்லாம விட்டது நான்."

"அதெல்லாம் எதுக்கு இப்ப? உங்களை யாரும் குத்தம் சொல்லல."

"நான் சொல்றேன் சார். சேருங்க."

அவர் பெருமூச்சுவிட்டு ஓரத்தில் குறித்துக்கொண்டார். அச்சக்கா இரண்டாவது வரியைப் பேனாவால் அடித்தார். மேலே, 'ஐம்பத்தெட்டாம் எண் கடைக்காரர் தவறான நகலை நம்பிக் கடையை இழந்தார்' என்று எழுதினார்.

"அந்தம்மா தானாதானே போனாங்க!"

"நம்ம பேப்பரைப் பாத்துட்டு தானா போனாங்க."

"கிறுக்கின தாளை நான் மேல அனுப்ப முடியாது."

"அப்ப திருத்தி அடிச்சுட்டு வாங்க. படிச்சுப் பாத்துப் போடறேன்."

அவர் திருத்தி அடித்த தாளில் இரண்டாவது வரியே இல்லை. அச்சக்கா போடவில்லை. அடுத்ததில் 'ஒருவருக்குச் சிரமம் ஏற்பட்டதாகத் தெரிகிறது' என்று இருந்தது. போடவில்லை. "தெரியுதுன்னு என்ன சார் இழுவை? நடந்தது" என்று மட்டும் சொன்னார். நான்காவது தாளில் கடை எண்ணும் 'இழந்தார்' என்ற சொல்லும் வந்த பிறகு, அதைக் கடைசி எழுத்துவரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இதைச் செய்ய ஒரு அலுவலகத்துக்கு ஒரு முழுப் பகல் தேவைப்பட்டது.

ஏழாயிரம் ஆவணங்களையும் திரும்பப் பார்க்கச் சொல்லி யாரும் இன்றுவரை உத்தரவு போடவில்லை. ஜன்னலில் ஆள் இல்லாத நேரங்களில் அச்சக்கா ஒவ்வொன்றாகத் திறந்து, வெள்ளையாகக் கிடக்கும் இடங்களை இழுத்துப் பார்க்கிறார். இதுவரை பதினொன்று அகப்பட்டிருக்கின்றன. ஜிப் தைக்கிற அம்மாவின் மனு, கடையை விருப்பப்பட்டு ஒப்படைத்தவர் என்ற காரணத்தால், மூன்று வாரத்தில் தள்ளுபடி ஆயிற்று. அந்த முடிவு கறுப்பு எழுத்தில், நல்ல தெளிவாக, நேரான ஓரங்களோடு பிடிஎஃபாகக் காப்பகத்தில் இருக்கிறது. ஐம்பத்தெட்டாம் எண் கடையில் கூரைவரை குழாய்கள் அடுக்கியிருக்கிறார்கள். கால்வாய் அந்தப் பக்கமே வராது.